1,200 வெள்ளிக்கு ஓர் உலாவியா?

என் தம்பி அடுத்த மாதம் பலதுறைத் தொழிற்கல்லூரியில் பொறியியல் படிக்கப் போகிறான். புது மடிக்கணினி வேண்டுமாம். அவன் காட்டியது பளபளப்பான ஒரு குரோம்புக், விலை ஏறத்தாழ 1,200 வெள்ளி. “அக்காவும் இதே மாதிரிதானே வச்சிருக்கு, கேட்டுப் பாருங்க,” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டான். ஒன்றரை ஆண்டாக நான் வீட்டில் சொல்லாமல் வைத்திருந்ததை அன்று சொல்லவேண்டியதாயிற்று.

குரோம்புக்கின் இயங்குதளம் பெரும்பாலும் ஓர் உலாவிதான். 2011இல் ஏசர், சாம்சுங் நிறுவனங்களின் குரோம்புக்குகள் முதன்முதலாக விற்பனைக்கு வந்தன. கோப்புகளும் செயலிகளும் இணையத்தில் இருப்பதால் கணினிக்குள் பெரிய நினைவகமோ வேகமான சில்லோ தேவையில்லை. அதனால்தான் விலை குறைவு. 2021 இறுதிக்குள் நம் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் கற்றல் சாதனம் கிடைத்தபோது, எங்கள் பள்ளியில் குரோம்புக்தான் தந்தார்கள். தண்ணீர் கொட்டி ஒருமுறை அது செயலிழந்தது. வேறொன்றை இரவல் வாங்கி என் கணக்கில் நுழைந்தேன். பாதியில் நின்ற தமிழ்க் கட்டுரை அப்படியே இருந்தது. அன்றிலிருந்து எனக்கு அதன்மேல் ஒரு பாசம்.

அந்தப் பாசத்தில்தான், துணைப்பாட வகுப்பு நடத்திச் சேர்த்த பணத்தில், பல்கலைக்கழகத்துக்காக விலையுயர்ந்த குரோம்புக் ஒன்றை வாங்கினேன். உலோக உடல், கூர்மையான திரை, விரலுக்கு இதமான விசைப்பலகை. தமிழ்99 உள்ளேயே இருக்கிறது. இரவு முழுவதும் கட்டுரை எழுதினாலும் கை வலிப்பதில்லை. இவற்றில் எனக்கு இன்றும் குறையில்லை.

முதல் பருவத்தில் புள்ளியியல் தேர்வு, 40 நிமிடம். தேர்வு நேரத்தில் திரையைப் பூட்டிவைக்கும் மென்பொருளைப் பதிவிறக்கினேன். திறக்கவே இல்லை. அது விண்டோசுக்கும் மேக்குக்கும் மட்டுமே. முன்கூட்டியே சோதித்துப் பார்க்கச் சொல்லி மின்னஞ்சல் வந்திருந்தது. உலாவி இருந்தால் போதும் என்ற நினைப்பில் நான்தான் அதைச் சரியாகப் படிக்கவில்லை. விரிவுரையாளர் இரவல் கணினி தேடித் தருவதற்குள் 11 நிமிடம் போய்விட்டது. கடைசி இரண்டு கேள்விகளும் வெறுமையாகவே போயின. பிறகு எஸ்பிஎஸ்எஸ் வந்தது. குரோம்புக்குக்கு அதன் பதிப்பே கிடையாது. பல்கலைக்கழகத்தின் மெய்நிகர் கணினி வழியாக ஆமை வேகத்தில் செய்து முடித்தேன். 300 வெள்ளி குரோம்புக் வைத்திருந்த தோழியும் அதே வரிசையில்தான் காத்திருந்தாள்!

இது புதிய கேள்வியும் அல்ல. 2013இல் கூகல் தன் முதல் ‘பிக்சல்’ குரோம்புக்கை 1,299 அமெரிக்க வெள்ளிக்கு விற்றது. 13 அங்குல மேக்புக் ஏர் அப்போது 1,199 வெள்ளியிலிருந்து கிடைத்தது. பிக்சலின் திரை அருமை, ஆனால் உள்ளே 32 ஜிகாபைட்தான். கூடுதல் பணத்துக்கு உடல் மாறியது, கணினியால் செய்ய முடிந்த வேலை மாறவில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. குரோம்புக்கில் லினக்சைச் சேர்த்துக்கொள்ளலாம். நிரல் எழுதுவோருக்குக் கூடுதல் நினைவகம் அங்கே உண்மையிலேயே உதவும். ஆர், பைத்தான் இரண்டையும் என்னுடையதில் ஓட்டுகிறேன். 2021 முதல் வெளிவந்த மாடல்களுக்குப் பத்தாண்டு புதுப்பிப்பும் கிடைக்கிறது. அந்தப் பத்தாண்டு அந்த வகைக் கணினி வெளியான நாளிலிருந்து எண்ணப்படும், நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல. கழிவு விலையில் பழைய மாடல் வாங்குவோர் இதைப் பார்ப்பது நல்லது.

தம்பிக்கு இதெல்லாம் பொருந்தாது. பொறியியலில் பயன்படும் சாலிட்வொர்க்ஸ் போன்ற வடிவமைப்பு மென்பொருள் விண்டோசில்தான் ஓடும். “முதல்ல உன் கோர்ஸ்ல என்னென்ன சாஃப்ட்வேர்னு கேட்டுட்டு வா, அப்புறம் கடைக்குப் போலாம்,” என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

அப்பா அவனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “அப்ப உன்னோடத வித்துடலாமா?”

வேண்டாம் என்றேன். இந்தக் கட்டுரையைக்கூட அதில்தான் தட்டச்சு செய்கிறேன். அடுத்த தேர்வுக்கு மட்டும் நூலகத்தில் ஓர் இரவல் மடிக்கணினிக்கு இப்போதே பெயர் கொடுத்துவிட்டேன்.