பாம்பு முட்டைக்குள் ரெட்டைப் பிள்ளைகள்!

ஏறக்குறைய இரண்டு மாதக் காத்திருப்பு. அடைகாப்புப் பெட்டியின் மூடியைத் திறந்தால், வெள்ளை முட்டை ஒன்றின் தோலில் சின்னதாக ஒரு கீறல். அதன் வழியே விரல் நுனி அளவில் ஒரு தலை எட்டிப் பார்க்கிறது. சில மணி நேரம் கழித்து மறுபடி வந்து பார்த்தால், அதே முட்டையில் இன்னொரு தலை!

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மலைப்பாம்பு வளர்ப்பவர்களுக்கு அபூர்வமாகக் கிடைக்கும் காட்சி இது. அவர்கள் அதிகம் வளர்ப்பது 'பால் பைத்தான்'. பயந்தால் தலையை உள்ளே வைத்து, உடம்பைப் பந்துபோலச் சுருட்டிக்கொள்ளும். அதனால்தான் அந்தப் பெயர். பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் கடத்தி வரப்பட்டு, சென்னை விமான நிலையத்தில் பிடிபடுகிறதே, அதே பாம்புதான். அதன் சொந்த ஊர் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா.

யார் இரட்டையர்?

நல்ல பாம்பு ஒரே தடவையில் 10 முதல் 30 முட்டைகள் வரை இடும். கண்ணாடி விரியன் 20, 40 என்று குட்டிகளாகவே போடும். இவையெல்லாம் உடன்பிறப்புகள், அவ்வளவுதான். ஒரே முட்டைக்குள் இரண்டு உயிர் வளர்ந்தால்தான் இரட்டையர்.

இது இரண்டு விதமாக நடக்கலாம். இரண்டு கருக்கள் தனித்தனி மஞ்சள் கருவோடு ஒரே ஓட்டுக்குள் அடைபடலாம். கடையில் வாங்கும் கோழி முட்டையில் எப்போதாவது இரண்டு மஞ்சள் கரு இருக்குமே, அந்த மாதிரி. அல்லது, ஒரே கரு ஆரம்பத்திலேயே இரண்டாகப் பிரியலாம். இவர்கள்தான் அச்சு அசல் இரட்டையர். பாலினமும் மரபணுவும் ஒன்று. ஆனாலும், உடம்பில் உள்ள திட்டுகளும் புள்ளிகளும் அப்படியே ஒத்துப்போகாது. மனித இரட்டையருக்கும் கைரேகை வேறுவேறுதானே!

பிரிய ஆரம்பித்த கரு பாதியிலேயே நின்றுவிட்டால்? ஓர் உடல், இரண்டு தலையுடன் பாம்பு பிறக்கும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரக் காட்சியகத்தில் அப்படி ஒரு வெள்ளை எலிப்பாம்பு இருந்தது. 'நாம்' என்று பொருள்படும் 'வீ' என்பது அதன் பெயர். மனிதர்களின் கவனிப்பில் சுமார் 8 ஆண்டுகள் வாழ்ந்து, 2007-ல் இறந்தது. நம்மூர் மண்ணுளிப் பாம்பை 'இருதலை' என்று சொல்லி ஏமாற்றி விற்கிறார்களே, அது இந்தக் கணக்கில் வராது. அதற்கு இருப்பது ஒரே தலைதான். மறுமுனை மழுங்கிய வால்.

கட்டுச்சோறு ஒன்று, வாய் இரண்டு

மனிதக் குழந்தைக்குத் தொப்புள்கொடி வழியே பத்து மாதமும் சாப்பாடு வந்துகொண்டே இருக்கும். முட்டையிடும் பாம்புக்கு அந்த வசதி கிடையாது. தாய் ஒரே ஒருமுறை கட்டுச்சோறு கட்டிக் கொடுத்துவிடுகிறாள். அதுதான் மஞ்சள் கரு. ஒருவருக்குக் கட்டிய சோற்றை இருவர் பங்கு போட்டால் என்ன ஆகும்? இரண்டுமே மற்ற குட்டிகளைவிடச் சிறியதாக இருக்கும். சில நேரங்களில் ஒன்று ஓரளவு வளர்ந்துவிட, மற்றது முட்டைக்குள்ளேயே இறந்துவிடும்.

காட்டில் இதெல்லாம் யார் கண்ணிலும் படுவதில்லை. பால் பைத்தான், எலி வளையிலோ கரையான் புற்றிலோ முட்டையிட்டு, அதைச் சுற்றிச் சுருண்டு படுத்துக் காக்கும். உள்ளே ஒன்று இருந்ததா, இரண்டு இருந்ததா என்று அங்கே எண்ணிப் பார்க்க ஆள் இல்லை. வளர்ப்பிடத்தில் ஒவ்வொரு முட்டைக்கும் கணக்கு உண்டு; பொரிக்காததையும் திறந்து பார்க்கிறார்கள். அதனால்தான் பாம்பு இரட்டையர் பற்றிய செய்திகள் பெரும்பாலும் வளர்ப்பவர்களிடமிருந்தே வருகின்றன.

கை வைக்காமல் இருப்பதே உதவி

முட்டைகளை ஈரமான வெர்மிகுலைட்டில் வைத்து, 31, 32 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பாதுகாக்கிறார்கள். ஒவ்வொரு முட்டையின் மேல்பக்கத்திலும் பென்சிலால் ஒரு கோடு. கோழி முட்டையைப்போல இதைத் திருப்பிப் போடக் கூடாது. கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டியபடி வளர்வதால், புரட்டினால் இறந்துபோகலாம்.

குட்டி தன் மூக்கு நுனியில் உள்ள முட்டைப் பல்லால் ஓட்டைக் கீறிவிட்டு, ஓரிரு நாள் உள்ளேயே இருக்கும். மிச்சமுள்ள மஞ்சள் கரு அந்த நேரத்தில்தான் உடம்புக்குள் போகிறது. இரட்டையர் என்றால் ஆபத்து கூடுதல். இரண்டும் ஒரே மஞ்சள் கருவோடு இணைந்திருக்கும்போது, அவசரப்பட்டு ஒன்றை வெளியே இழுத்தால் ரத்தக்குழாய் கிழிந்து மற்றதும் சாகலாம். ஆகவே அனுபவசாலிகள் தொடுவதில்லை. மஞ்சள் கரு ஒட்டிய நிலையில் ஒன்று தானாக வெளியே வந்துவிட்டால், அதைச் சின்ன டப்பாவில் ஈரமான டிஷ்யூ காகிதத்தின் மேல் விட்டுவிட்டுக் காத்திருப்பார்கள்.

பார்க்க ஆசையாக இருக்கிறதே என்று யாரும் முட்டை தேடிப் புறப்பட வேண்டாம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, நம்மூர்ப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது குற்றம். வெளிநாட்டுப் பாம்புகள் பலவற்றுக்கும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும்.

முட்டையை விட்டு வெளியே வந்துவிட்டால் மட்டும் தப்பித்ததாகாது. பொரித்து ஓரிரு வாரத்தில் குட்டிகள் முதல் தோலை உரிக்கும். பிறகுதான் பசி எடுக்கும். பெரியது எலிக்குஞ்சைச் சட்டென்று பிடித்துவிடும். சிறியதோ சில நாள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அளவில் இன்னும் சின்னதாக ஒரு சுண்டெலிக் குஞ்சைத் தேடி வைத்துவிட்டு, விளக்கை அணைத்து, சத்தமில்லாமல் நகர்ந்துவிட வேண்டும். காலையில் பார்க்கும்போது அந்தக் குஞ்சு காணாமல் போய், சின்னதின் நடு உடம்பு லேசாகப் புடைத்திருந்தால், இனி குறிப்பேட்டில் தைரியமாக எழுதலாம்: ஒரு முட்டை, இரண்டு குட்டிகள்.