செல்போன் சிக்னலும் கடைமடைப் பாசனந்தான்

(பண்ணை ஒலிபரப்பில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



விதை, உரம், பூச்சி மருந்து பற்றி இந்த நேரத்தில் எத்தனையோ பேசியிருக்கிறோம். இன்று பேசப்போவது கண்ணுக்குத் தெரியாத ஓர் இடுபொருளைப் பற்றி. அதுதான் செல்போன் சிக்னல். சிக்னலை இடுபொருள் என்றால் வேடிக்கையாக இருக்கிறதா? யோசித்துப் பாருங்கள். பி.எம். கிசான் தவணைக்கு ஆதார் சரிபார்க்க ஓ.டி.பி. எண் வரவேண்டும். கொள்முதல் நிலையத்தில் நெல் போட முன்பதிவு வேண்டும். உழவன் செயலியும், தோட்டத்து மோட்டாரை வீட்டிலிருந்தே ஓட்டுகிற மொபைல் ஸ்டார்ட்டரும் சிக்னல் இருந்தால்தான் வேலை செய்யும். ஓ.டி.பி. சில நிமிஷத்தில் செல்லாமல் போய்விடும். சிக்னல் தேடி மேட்டுக்கு ஓடி, எண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் காலம் முடிந்துவிடுகிறது. "நம்ம ஊருக்கு விதிச்சது இவ்வளவுதான்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது விதியல்ல. காரணம் தெரிந்தால் பாதிக்கு வழி உண்டு.

சிக்னல் எங்கே அறுபடுகிறது?

கல்லணைக் கால்வாய் 148 கிலோமீட்டர் ஓடி நம் மாவட்டத்து மும்பாலை ஏரியில் முடிகிறது. தலைமடையில் தண்ணீர் திறந்தாலும், நடுவில் ஓரிடத்தில் அடைப்பு இருந்தால் கடைமடை காயும். சிக்னலும் அப்படித்தான். அதற்கு மூன்று மடைகள் உண்டு.

முதல் மடை, கோபுரத்துக்கும் உங்கள் போனுக்கும் நடுவில் உள்ள காற்றுவெளி. வானொலி ஒருவழிப் பாதை. பெரிய நிலையம் பேசும், நாம் கேட்போம். 1960-களில் ஆடுதுறை 27 நெல்லை வானொலியில் கேட்டே தஞ்சை விவசாயிகள் பயிரிட்டார்கள். 'ரேடியோ நெல்' என்றே அதற்குப் பேர் வந்தது. செல்போன் அப்படியல்ல, போனும் கோபுரத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கோபுரம் பத்து, இருபது வாட் கணக்கில் பேசுகிறது. 4ஜி போனின் குரலோ கால் வாட்டுக்கும் குறைவு. கோபுரம் சொல்வது நமக்குக் கேட்கும், நாம் சொல்வது அதற்குக் கேட்காது. திரையில் இரண்டு கோடு தெரிந்தும் கால் போகாமல் நிற்பது பல சமயம் இதனால்தான். எட்டாத கோபுரத்துக்குப் போன் பலமாகக் கத்திக் கத்தி பேட்டரியும் சீக்கிரம் தீருகிறது.

குறுக்கே எது நின்றாலும் இந்த அலை தேயும். நார்த்தாமலைப் பக்கம்போல் பாறைக்குன்று மறைத்தால் அதன் பின்புறம் நிழல் விழும். அடர்ந்த தென்னந்தோப்பு, தைலமரக் காடு, அதிலும் மழையில் நனைந்த இலை, அலையை உறிஞ்சும். தகரக் கொட்டகையும் கான்கிரீட் சுவரும் இன்னும் மோசம். 2021-ல் நாமக்கல் மாவட்டத்து மலையடிவாரத்தில் பிள்ளைகள் ஆலமரத்தில் ஏறி ஆன்லைன் பாடம் கேட்டார்களே, அதன் காரணமும் இதுதான். உயரம் ஏற ஏற மறைப்பு குறையும்.

இரண்டாவது மடை கரண்ட். கோபுரமும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. கரண்ட் போனால் பேட்டரி சில மணி நேரம் தாங்கும், பிறகு டீசல் ஜெனரேட்டர் வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் வட்டாரத்தில் தென்னையும் பலாவும் மின்கம்பமும் ஒன்றாகச் சாய்ந்தன. பல ஊர்களுக்கு நாள்கணக்கில் கரண்ட் இல்லை, போனும் இல்லை. பாதையெல்லாம் மரம் கிடந்தால் டீசல் வண்டி எப்படிப் போகும்?

மூன்றாவது மடை, கோபுரத்தை வெளியுலகோடு இணைக்கும் கேபிள். சாலை வேலையில் ஜே.சி.பி. வெட்டிவிட்டால் திரையில் கோடு முழுதாக நிற்கும், ஆனால் இன்டர்நெட் நகராது.

இது தவிர, முறைப்பாசனச் சண்டை ஒன்றும் உண்டு. ஒரு கோபுரத்தை ஊரே பங்கிட்டுக்கொள்கிறது. சாயங்காலம் எல்லோரும் படம் பார்க்கும்போது ஆளுக்குக் கிடைப்பது சொற்பம். அதே வேலையை விடியற்காலையில் செய்தால் சட்டென்று முடியும்.

எந்த மடை என்று கண்டுபிடியுங்கள்

வீட்டுக்குள் இல்லை, வாசலில் இருக்கிறது என்றால் சுவர்தான் காரணம். கரண்ட் போன சில மணி நேரத்தில் போனால் கோபுரத்து பேட்டரி. கோடு முழுதாக இருந்தும் நாள் முழுக்க வேலை செய்யாவிட்டால் பெரும்பாலும் கேபிள். உங்களுக்கு இல்லை, பக்கத்து வயல்காரருக்கு வேறு கம்பெனியில் கிடைக்கிறது என்றால் உங்கள் கம்பெனி கோபுரம் தூரம். அப்போது நம்பரை மாற்றாமலே கம்பெனி மாறலாம். போர்ட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, இடைவெளி விட்டு, உங்கள் நம்பரைச் சேர்த்து 1900-க்கு மெசேஜ் அனுப்ப வேண்டும். அதற்கு முன்னால் அந்தக் கம்பெனி போனை இரவல் வாங்கி, வீடு, வயல், மோட்டார் கொட்டகை மூன்றிலும் பேசிப் பாருங்கள்.

சந்தையில் 'சிக்னல் பூஸ்டர்' என்று விற்கிறார்கள். அனுமதியில்லாமல் அதை மாட்டுவது சட்டப்படி குற்றம். சுற்றியிருப்பவர்கள் சிக்னலையும் அது கெடுக்கும். "டவர் வைக்க இடம் கொடுங்க, முதலில் பணம் கட்டுங்க" என்று வருகிற போனையும் நம்பாதீர்கள்.

மோட்டாரும் இன்சூரன்சும்

மொபைல் ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போட்ட மோட்டாரை நிறுத்தப் போகும்போது சிக்னல் இல்லாவிட்டால் அது ஓடிக்கொண்டே இருக்கும். ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் இறங்கியபின் வெறுமனே ஓடினால் காயில் எரிந்துபோகும். ஆகவே, தண்ணீர் இல்லாவிட்டால் தானே நிறுத்தும் 'டிரை ரன்' பாதுகாப்பும், நேரம் வைத்து நிறுத்தும் டைமரும் கட்டாயம் வேண்டும். ஸ்டார்ட்டரின் ஆன்டெனாவை இரும்புப் பெட்டிக்குள் வைக்காமல் கொட்டகைக்கு வெளியே உயரத்தில் பொருத்துங்கள்.

பயிர்க் காப்பீட்டில் சம்பா நெல்லுக்குக் கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் நடுவில் வரும். அது அடைமழைக் காலம், சிக்னலும் கரண்டும் படுத்துவிடும் காலம். அதனால் அக்டோபரிலேயே பதிந்துவிடுங்கள். அறுத்து வயலில் காயப்போட்ட கதிர் புயல் மழையில் கெட்டால், அதற்கும் காப்பீடு அறிவிக்கப்பட்டிருக்கும் இடங்களில், 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அதற்கான போன் எண் 14447. போன் எடுக்காவிட்டால் காத்திருக்க வேண்டாம். ஒரு தாளில் எழுதி வங்கியிலோ வேளாண்மை அலுவலகத்திலோ கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பி.எம். கிசான் ஓ.டி.பி. வராதவர்கள் பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைத்தும் சரிபார்க்கலாம்.

புகாரை எழுத்தில் கொடுங்கள்

முதலில் உங்கள் கம்பெனிக்கு 198-ல் புகார் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். எங்கெங்கே சிக்னல் உண்டு என்ற வரைபடத்தைக் கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் 2024-ல் விதி செய்திருக்கிறது. படித்த பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். வரைபடத்தில் இருந்து ஊரில் இல்லாவிட்டால் அதுவே உங்களுக்குச் சாட்சி. செல்போன் வசதி எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக மத்திய அரசு 2022-ல் ஒப்புதல் தந்ததும் நினைவிருக்கட்டும்.

தனியாளாகப் புலம்பினால் எடுபடாது. ஒரு வாரம் எந்தத் தெருவில், எந்த நேரத்தில், எந்தக் கம்பெனி போன் எடுக்கவில்லை என்று நோட்டில் குறியுங்கள். அதை வைத்துக் கிராம சபையில் தீர்மானம் போட்டு, மாதந்தோறும் கலெக்டர் ஆபீசில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுங்கள். கடைமடைக்குத் தண்ணீர் கேட்டு மனுக் கொடுக்க நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிக்னலையும் அதேபோல் கேட்டு வாங்க வேண்டும். அது வரும்வரை, கடைசி நாள் வேலை எதையும் சிக்னலை நம்பி வைக்காதீர்கள்.