பன்னிரண்டு படங்கள்

நம் தோட்டப் பள்ளி விளையாட்டுப் போட்டியைக் கைத்தொலைபேசியிலும், குனிந்து பார்த்து எடுக்கும் பழைய கேமராவிலும் படம் பிடித்தோம். பழையதற்கு 1901இல் வெளிவந்த 120 ரகச் சுருள்தான் வேண்டும். 6 சென்டிமீட்டர் சதுரத்தில் 12 படங்களே கிடைக்கும். அதன் கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும். பிள்ளை ஓடும் பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கம் திரும்பி இரண்டு படங்களை வீணாக்கினோம்!

கைத்தொலைபேசியிலோ 300 படங்கள். அது மழைநீரில் விழுந்தது. வேறிடத்தில் படி வைக்கவில்லை, அத்தனையும் போயின. மிஞ்சியவை சுருளின் பத்துப் படங்கள்தாம்.

உங்கள் டிரங்குப் பெட்டியில் தாத்தா காலத்து நெகட்டிவ் கிடக்கிறதா? வீசிவிடாதீர்கள். ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஓரத்தைப் பிடித்து, வெண்ணிற வெளிச்சத்தின் முன் வைத்துக் கைத்தொலைபேசியால் படம் எடுங்கள். அதிலேயே நிறத்தைத் தலைகீழாக மாற்றினால் தாத்தாவின் முகம் தெரியும்.