பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாத பிள்ளை

"அவன்ர தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்." வன்னியில் இரண்டு வயதாகியும் பேசாத பிள்ளையைப் பற்றிக் கேட்டால் அம்மம்மாமார் இப்படித்தான் சொல்வார்கள். யுத்தம் முடிந்த காலத்தில் 'செல்லடியில் பயந்த பிள்ளை' என்றார்கள். இப்போது பழி கைத்தொலைபேசிமேல். ஆனால் இப்படிப் பேசாத பிள்ளைகள் சிலருக்கு இருப்பது ஓட்டிசம். அதுவோ பெரும்பாலும் மரபணு வழியே, பிறக்குமுன் தொடங்கும் மூளை வளர்ச்சி வேறுபாடு.

பேராசிரியர் ஹேமமாலி பெரேராவின் குழு, இலங்கையில் சிறுநகர்ப் பகுதியொன்றில் 18 முதல் 24 மாத வயதுப் பிள்ளைகள் 374 பேரைப் பரிசோதித்து, 2009இல் முடிவை வெளியிட்டது. நால்வருக்கு ஓட்டிசம், அதாவது 93 பேருக்கு ஒருவர். ஆனால் தாய்மாரிடம் 'ஆம், இல்லை' கேட்கும் அமெரிக்கக் கேள்விப் பட்டியல் அந்த நால்வரில் ஒருவரையே பிடித்தது. 'விரலால் சுட்டிக் காட்டுவானா?' என்றால் எந்தத் தாய்தான் இல்லை என்பாள்? பிறகு அதே பேராசிரியர் கேள்விகளோடு படங்களையும் சேர்த்தார். படத்தைக் கண்டால் தாய்க்குத் தன் பிள்ளை நினைவுக்கு வரும்.

கண்டுபிடித்தபின்? முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் நூறு கிலோமீற்றருக்கு மேல். இரைச்சல் தாங்காத பிள்ளையைச் சினிமாப் பாட்டு அலறும் பஸ்ஸில் ஏற்றி, கிளினிக் வாசலில் காத்திருந்து, கொஞ்ச நேரப் பயிற்சியோடு திரும்புவதைத் தரமான சேவை என்று என்னால் சொல்ல முடியாது.

கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளோடு நடந்த ஆய்வு (2016) வேறு வழி காட்டியது. பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர், தாயும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்தார். பணியாளரும் தாயுமாக அதைத் திரும்பப் பார்த்தார்கள். பிள்ளை எதைப் பார்த்ததோ அதைப் பற்றியே தாய் பேசப் பழகினாள். ஆறு மாதத்தில் பன்னிரண்டு அமர்வுகள்தான். பிள்ளைகள் தாங்களாகத் தொடர்பைத் தொடங்குவது கூடியது. எல்லாம் மாறிவிடவில்லை, வல்லுநரின் தேவையும் தீரவில்லை. ஆனாலும் பஸ் ஏறாமலே ஏதோ நடந்தது.

வீடு தேடி வரும் குடும்பநல மாது நம் கிராமங்களில் ஏற்கெனவே இருக்கிறார். படங்களையும் இந்தப் பயிற்சியையும் அவர் கையில் கொடுத்து, அதற்கான நேரத்தையும் சம்பளத்தையும் சேர்த்துக் கொடுப்பதே சுகாதாரத் திணைக்களம் முதலில் செய்யவேண்டியது. ஏற்கெனவே சுமக்கும் கையில் சும்மா இன்னொரு பதிவேட்டைத் திணிக்கக்கூடாது.

ஒன்றரை வயதில் உங்கள் பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாவிட்டால், எதையும் சுட்டிக் காட்டாவிட்டால், மூன்று வயது வரட்டும் என்று இருக்காதீர்கள். அடுத்த கிளினிக் நாளிலேயே சொல்லுங்கள். காதையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.