வண்டி வாழ்வு: வெளுத்தது எது?

போடிமெட்டு ஏறி, பூப்பாறையில் திரும்பிச் சாந்தன்பாறைக்குப் போகிற சாலையில், ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிச் செல்லும் ஜீப்புகள் ஓயாமல் ஓடுகின்றன. வயதான வண்டி ஏதாவது நின்றால் அதன் பானெட்டைக் கவனியுங்கள். பக்கவாட்டுத் தகடு ஓரளவு பளபளப்போடு இருக்க, வானத்தைப் பார்த்த பரப்பு மட்டும் வெளிறியிருக்கும். மழையும் மஞ்சும்தான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். மழை எல்லாப் பக்கத்தையும்தான் நனைக்கிறது. அதுவே முதல் காரணமானால் பானெட் மட்டும் ஏன் முந்திக்கொள்ள வேண்டும்? முதல் குற்றவாளி வெயிலில் வரும் புற ஊதாக் கதிர். ஈரம் அதற்குக் கூட்டாளி. 'இங்கே பாதி நாள் வெயிலே இல்லையே' என்று கேட்கலாம். மெல்லிய மேகத்தைத் தாண்டியும் அந்தக் கதிரில் பெரும்பகுதி வந்துவிடும். போதாததற்கு, ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் அதன் வலு பத்து சதவீத அளவுக்குக் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குளிர்ந்த ஊர் என்பதால் பெயிண்டுக்குப் பாதுகாப்பு என்று நினைப்பது கணக்குத் தவறு.

காரணம் ஒன்றானாலும் நோய் ஒன்றல்ல. வெளுத்த வண்டிக்கெல்லாம் ஒரே பாலிஷ் போடும் பழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. வண்டியை நன்றாகக் கழுவி, கண்ணில் படாத ஓர் ஓரத்தில் வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் அது பழைய ஒற்றைப் பூச்சு. மேல்தோல்தான் மக்கியிருக்கிறது, அடியில் நல்ல பெயிண்ட் உண்டு. நிறம் ஏறாவிட்டால் மேலே நிறமில்லாத காப்புப் பூச்சான கிளியர் கோட் இருக்கிறது. இப்போது வெளுத்த இடத்தில் தண்ணீர் ஊற்றுங்கள். நனைந்ததும் நிறம் திரும்பினால் பரப்பு சொரசொரப்பாகியிருக்கிறது, பெரும்பாலும் மீட்கலாம். நனைந்தும் வெள்ளைத் திட்டு மறையவில்லை, விளிம்பு நகத்தில் உரிகிறது என்றால் கிளியர் கோட் செத்துவிட்டது. எந்தப் பாலிஷும் அதை எழுப்பாது. சிவப்பு வண்டிகளில் இன்னொரு சிக்கல்: நிறமியே வெளுத்திருந்தால் பளபளப்பு வரும், பழைய சிவப்பு வராது.

'பட்டறையில் ரப்பிங் காம்பவுண்ட் போட்டு மெஷினை ஓட்டினால் அரை மணியில் கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறதே?' ஆகும்தான். ஆனால் அந்தப் பளபளப்பில் ஒரு பங்கு, கீறல்களை நிரப்பி நிற்கும் எண்ணெய். சில கழுவலில் போய்விடும். தேய்ப்பில் இழந்த பூச்சு திரும்பாது. கிளியர் கோட்டின் தடிமன் பொதுவாக 40, 50 மைக்ரான்தான், தலைமுடியை விடவும் மெல்லியது. கதிரைத் தடுக்கும் சரக்கும் அதற்குள்தான் இருக்கிறது. ஒவ்வொரு தேய்ப்பும் அதில் கொஞ்சத்தைத் தின்கிறது. அதனால் மென்மையான பாலிஷில் தொடங்கி, போதவில்லை என்றால் மட்டும் கரடான காம்பவுண்டுக்குப் போக வேண்டும். முடித்த கையோடு வாக்ஸ் போட வேண்டும். 'உழைக்கிற ஜீப்புக்கு அழகு எதற்கு?' என்ற கேள்வி நியாயமானது, அழகு வேண்டாம். ஆனால் பெயிண்ட் விட்ட இடத்தில் இந்த ஈரத்துக்குத் தகடு துருப்பிடிக்க நாளாகாது. உரிந்துவிட்ட பானெட்டைப் பாலிஷுக்கு விடாதீர்கள்; வாட்டர் பேப்பரால் இழைத்து, அந்தத் தகட்டுக்கு மட்டும் புது பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்கள்.