விற்கிறவர் தந்த நம்பருக்கே போன் எடுத்து உறுதிப்படுத்தாதீங்கோ

இந்தக் கிழமை எபிசோட்டில் போலி இணையத்தளங்களைப் பற்றிக் கதைத்தோம். அதே தந்திரம் அப்படியே வேலை செய்யும் இன்னொரு இடம் இருக்கிறது: சின்னக் கொம்பனிகளுக்கான குழு மருத்துவக் காப்புறுதி. ஸ்ட்ரெதமில் என்னைப்போலத் தனியாளாகக் கொன்ட்ராக்ட் செய்துகொண்டிருந்த சிலர் இப்போது நாலைந்து பேரை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். என்எச்எஸ் காத்திருப்புப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஸ்டாஃபுக்கு ஒரு பிரைவேட் கவர் எடுத்துக் குடுப்பம்" என்று யோசிக்கிறார்கள். நல்ல யோசனைதான். எடுக்க முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ.

ஒரு லப்டொப் வாங்கினால், பெட்டியைத் திறந்த உடனேயே வேலை செய்யுதோ இல்லையோ என்று தெரிந்துவிடும். காப்புறுதி அப்படியில்லை. மாதாமாதம் காசு போகும், ஒன்றும் நடக்காது, எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். யாராவது ஒருவருக்கு ஒபரேஷன் தேவைப்படும் நாளில்தான் முதல் சோதனை. அதுவும் குழுக் காப்புறுதியில் தெரிவு செய்கிறவர் முதலாளி, மாட்டுப்படுகிறவர் வேலையாள். உங்களை நம்பித்தான் அவர் வேறு கவர் எடுக்காமல் இருந்திருப்பார்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கணக்கு இருக்கிறது. அங்கத்தைய நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2004இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. 2000 முதல் 2002 வரை, அனுமதியில்லாமல் மருத்துவக் காப்புறுதி விற்ற 144 அமைப்புகள் அதில் இருந்தன. குறைந்தது 15,000 முதலாளிகள், 2 லட்சத்துக்கு மேற்பட்ட காப்புறுதிதாரர்கள் அகப்பட்டார்கள். கட்டாமல் விட்ட மருத்துவச் செலவு குறைந்தது 252 மில்லியன் டொலர். அவற்றில் ஒன்றான 'எம்ப்ளோயர்ஸ் மியூச்சுவல்', நீண்டகாலமாக இருக்கும் ஒரு உண்மையான காப்புறுதிக் கொம்பனியின் பெயரைப் போலவே பெயர் வைத்துக்கொண்டு, 2001இல் 22,000க்கு மேற்பட்டவர்களைச் சேர்த்தது.

பிரித்தானியாவில் பொய்ப் புரோக்கர் வேலைக்கு 'கோஸ்ட் புரோக்கிங்' என்று பெயர். கூடுதலாகக் கார் காப்புறுதியில்தான் நடக்கிறது, ஆனால் முறை எதற்கும் பொருந்தும். ஒன்று, பத்திரமே போலி. இரண்டு, உண்மையான கொம்பனிக்குப் பொய் விபரம் குடுத்து விலையைக் குறைப்பது. மூன்று, உண்மையாகவே எடுத்துவிட்டு, பிறகு ரத்துச் செய்து, திரும்பி வரும் காசைச் சுருட்டுவது. இரண்டாவது உங்களையும் இழுத்துவிடும். 2015ஆம் ஆண்டின் காப்புறுதிச் சட்டப்படி, வணிகத்துக்குக் காப்புறுதி எடுக்கிறவர் முக்கியமான விபரங்களை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வேண்டுமென்றே மறைத்ததாகத் தெரிந்தால் ஒப்பந்தத்தையே இல்லையென்று ஆக்கலாம், கட்டிய காசையும் திருப்பித் தரத் தேவையில்லை.

எங்கட பாசையில் சொன்னால், இது தனக்குத் தானே கையெழுத்து வைத்த சேர்டிஃபிகேட். பிரவுசர் அதை ஏன் ஏற்காது? சாட்சி சொல்கிறவரும் குற்றம் சாட்டப்பட்டவரும் ஒரே ஆள் என்பதால். புரோக்கர் தந்த பிடிஎஃப், அவர் அனுப்பிய லிங்க், அவர் சொன்ன போன் நம்பர் எல்லாம் அதே வகைதான். சாட்சி வெளியிலிருந்து வரவேண்டும். அதற்கு நாலு வேலை.

1. எஃப்சிஏ ரெஜிஸ்டரை நீங்களே தேடித் திறவுங்கோ. புரோக்கருக்கு ஒரு பதிவு இலக்கம் இருக்க வேண்டும். சின்னப் புரோக்கர் இன்னொரு கொம்பனியின் பிரதிநிதியாக இருக்கலாம், அது பிழையில்லை. அந்தக் கொம்பனியின் பெயரும் அங்கேயே தெரியும். பெயர் சரியென்று விட்டுவிடாதீங்கோ. 'கிளோன்' மோசடிக்காரர் உண்மையான கொம்பனியின் பெயரையும் இலக்கத்தையும் பாவித்து, போன் நம்பரை மட்டும் மாற்றுவார்கள். ஆகவே ரெஜிஸ்டரில் உள்ள நம்பருக்கே எடுங்கோ.

2. கிளெய்முக்குக் காசு கட்டப்போவது யார் என்று கேளுங்கோ. புரோக்கரின் பெயர் அல்ல, காப்புறுதியைப் பொறுப்பேற்கும் கொம்பனியின் பெயர். 'மெம்பர்ஷிப்', 'டிஸ்கவுண்ட் பிளான்' என்று சுத்தி வளைத்தால் அது காப்புறுதியாகவே இல்லாமல் இருக்கலாம்.

3. காசு எங்கே போகுது என்று பாருங்கோ. காப்புறுதிக் கொம்பனிக்கே டிரெக்ட் டெபிட் என்றால் நல்லது. ஒரு தனியாளின் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிப்பாட்டுங்கோ.

4. எடுத்த கிழமையே காப்புறுதிக் கொம்பனிக்கு நேரடியாக எடுத்து, பொலிசி இலக்கத்தைச் சொல்லி, ஒவ்வொரு வேலையாளின் பெயரும் பதிவாகி இருக்கோ என்று கேளுங்கோ. ரத்துச் செய்யும் தந்திரம் பிறகுதான் நடக்கும் என்பதால், சில மாதத்தில் இன்னொருக்காக் கேளுங்கோ.

"தெரிஞ்ச அண்ணாதான், கோயில்ல காணுறனான்" என்பது இந்த நாலில் எதற்கும் பதில் இல்லை. நேர்மையான புரோக்கர் என்றால் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார், பதிவு இலக்கத்தைத் தானே தருவார். "இண்டைக்குள்ள கட்டினாத்தான் இந்த விலை" என்று அவசரப்படுத்துகிறவரிடம்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

ஏமாந்துவிட்டால் முதலில் வங்கி. 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டு பிரித்தானியாவுக்குள் வங்கி மூலம் அனுப்பிய காசை, நிபந்தனைகளுடன் 85,000 பவுண்ஸ் வரை வங்கி திருப்பித் தரவேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான மிகச் சிறு கொம்பனிகளுக்கும் இது உண்டு. ஆனால் கடைசியாகக் கட்டிய நாளிலிருந்து 13 மாதத்துக்குள் கேட்க வேண்டும். போலிக் காப்புறுதி பிந்தித்தான் வெளிக்கும் என்பதால் இந்தக் கணக்கை மறக்காதீங்கோ. பிறகு மோசடி முறைப்பாட்டுக்கு 0300 123 2040.

எஃப்சிஏ உதவி நம்பர் 0800 111 6768. அதையும் நான் தந்ததுக்காக நம்பாமல், அவர்களின் தளத்தில் ஒருக்காப் பார்த்துவிட்டே எடுங்கோ.