விளையாட்டில் தெரியும் உடல்நலம்

நோய் தணிந்து வீடு திரும்பும் குழந்தையின் பெற்றோரிடம் மருந்து, உணவு ஆகியவற்றோடு விளையாட்டைப் பற்றியும் நாங்கள் பேசுவதுண்டு. மற்றக் குழந்தைகளோடு கூடி ஆடுவது வளர்ச்சிக்கு உதவுகிறது. மறைந்திருக்கும் குறைகளையும் காட்டிக்கொடுக்கிறது.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை பிறர் அருகில் இருந்தாலும் பெரும்பாலும் தன்போக்கிலேயே விளையாடும். மூன்று, நான்கு வயதில்தான் சேர்ந்து ஆடத் தொடங்கும். ஒருவர் சட்டையை மற்றவர் பிடித்து ஓடும் ரயில் விளையாட்டும், எளிய கண்ணாமூச்சியும் அவ்வயதுக்கு ஏற்றவை. விதிகள் விளங்கும் ஐந்து வயதளவில் கல்லா மண்ணா, நொண்டி ஆகியவற்றை ஆடலாம். தன் முறை வரும்வரை பொறுத்திருப்பதும், தோல்வியைத் தாங்குவதும் இவற்றின் வழியே பழகிவிடும்.

மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு 180 நிமிடங்களேனும் உடலசைவோடு இருக்க வேண்டும். அதில் 60 நிமிடங்கள் ஓடியாடும் அளவுக்கு விறுவிறுப்பாக அமைய வேண்டும். கைப்பேசி, தொலைக்காட்சி முன் அமரும் நேரம் ஒரு மணியைத் தாண்டலாகாது என 2019ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. செம்மேட்டைச் சூழ்ந்த சிற்றூர்களில் இதற்குச் செலவு ஏதுமில்லை. வீட்டு வாசலும் நான்கு குழந்தைகளும் போதும்.

பெரியவர்கள் சற்றுத் தள்ளி அமர்ந்து கவனித்தல் நன்று. சிறிது ஓடியதுமே ஒரு குழந்தை மட்டும் களைத்து ஒதுங்கினால் இரத்தசோகை இருக்கலாம். ஓடியபின் குந்தி அமர்ந்து, உதடுகள் நீலம் பாரித்தால் இதயக் கோளாறாக இருக்கலாம். உடனே அழைத்து வாருங்கள். பின்னாலிருந்து அழைத்தும் திரும்பாத குழந்தைக்குச் செவித்திறனையும், பொழுது சாயும் வேளையில் தடுமாறும் குழந்தைக்கு மாலைக்கண் உள்ளதா என்பதையும் சோதிக்க வேண்டும். நான்கு வயதாகியும் யாரோடும் சேராத குழந்தையைக் கூச்ச சுபாவம் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சில எச்சரிக்கைகளும் தேவை. களத்தில் காயும் காப்பிக்கொட்டை, மிளகு, புளியங்கொட்டை ஆகியவை மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளக்கூடும். ஆகவே பல்லாங்குழியும் ஐந்தாங்கல்லும் பிறகு ஆகட்டும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ உள்ளபோதும், அம்மைக் கொப்புளங்கள் பொருக்குக் கட்டும் வரையிலும் குழந்தை தனித்திருக்கட்டும்.

ஆஸ்துமா, வலிப்பு ஆகியவற்றுக்கு மருந்து உட்கொள்ளும் குழந்தைகளைப் பயத்தினால் வீட்டுக்குள் அடைத்து வைக்க வேண்டியதில்லை. எவ்வளவு ஓடலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். வலிப்பு உள்ளவர்கள் மரமேறுவதையும், துணையின்றி நீர்நிலைக்குச் செல்வதையும் தவிர்த்தல் வேண்டும். தரையில் பிறரோடு கூடி ஆடலாம்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, குழந்தை எவ்வளவு நேரம், யாரோடு, எவ்வாறு விளையாடியது என்பதையும் கூறுங்கள். சோதனைச் சீட்டில் காணாத செய்திகள் சில அதில் எங்களுக்குக் கிட்டும்.